சத்திக் குளிசையில் நாம் விடும் பிழைகள்

போன முறை சத்திக்கு டொக்டர் எழுதித் தந்த குளிசையில் நாலைந்து மிச்சம் இருக்கும். அடுத்து யாருக்காவது வயிறு குழம்பினால் கை அதைத்தான் தேடும். மட்டக்களப்பில் மாரி தொடங்கிவிட்டால் இந்தப் பழக்கம் உயிருக்கே வினையாகலாம்.

காரணம் டெங்கு. விடாத சத்தியும் கடும் வயிற்று நோவும் டெங்கு முற்றுவதற்கான எச்சரிக்கைகள். அதுவும் காய்ச்சல் விட்டுவிட்டது, இனிச் சுகம் என்று நாம் ஆறுதல் அடையும் நேரத்தில்தான் பெரும்பாலும் வரும். அப்போது ஒரு குளிசையைக் கொடுத்துச் சத்தியை அடக்கி, ஆளைப் படுக்க வைப்பதுதான் எல்லாவற்றிலும் பெரிய பிழை. உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள். 1990க்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

அடுத்தது அளவு. சத்திக்கு வழக்கமாகத் தரும் டொம்பெரிடோன் குளிசை என்றால் வளர்ந்தவர்களுக்கு வழக்கமாக 10 மில்லிகிராம், ஒரு நாளில் கூடியது மூன்று தடவை, சாப்பாட்டுக்கு முன். சாதாரணமாக ஒரு கிழமைக்கு மேல் தொடர்வதில்லை. "ஒன்றுக்குக் கேட்கேல்ல, இன்னொன்று போடுவம்" என்று கூட்டினால் இதயத் துடிப்பு ஒழுங்கு தவறலாம். எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின் போன்ற கிருமிகொல்லி மருந்துகளோடோ, ஃபுளுகொனசோல் போன்ற பூஞ்சை மருந்துகளோடோ சேர்ந்தால் ஆபத்து இன்னும் கூடும். காலையில் கிளினிக், பின்னேரம் வேறு டொக்டர் என்று போகிறவர்கள், குடிக்கிற மருந்து எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டுக் கொண்டுபோய்க் காட்டுங்கள்.

சத்திக்குத் தரும் இன்னொரு மருந்தான மெட்டோகுளோபிரமைட் குடித்த சிலருக்கு, முக்கியமாகப் பிள்ளைகளுக்கும் இளம் ஆட்களுக்கும், கழுத்து ஒரு பக்கம் இழுக்கும், கண் மேலே செருகும், நாக்குத் தடிக்கிற மாதிரிப் பேச்சுக் குளறும். பார்த்தால் பயமாகத்தான் இருக்கும். கண்ணூறு என்று பார்வை பார்க்க ஓடி நேரத்தை விடாதீர்கள். மருந்து அட்டையையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனால், ஊசி போட்டுச் சரிப்படுத்துவார்கள்.

பிள்ளைக்குப் பெரியவரின் குளிசையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கவே வேண்டாம். பிள்ளையின் மருந்தை நிறை பார்த்துத்தான் கணக்கிடுவார்கள். கர்ப்பிணிகளும் கேட்காமல் குடிக்கக்கூடாது.

சத்தியும் வயிற்றோட்டமும் சேர்ந்தால் முதலில் வேண்டியது ஜீவனி, அதாவது உடலில் குறைந்த நீரையும் உப்பையும் ஈடுசெய்யத் தண்ணீரில் கரைத்துக் குடிக்கும் தூள். அதிலும் பிழை நடக்கிறது: பைக்கற்றைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கோப்பையில் கொட்டிக் கலக்குகிறார்கள். முழுப் பைக்கற்றையும், அதில் எழுதியிருக்கும் அளவுக்குக் கொதித்தாறிய தண்ணீரில் கரையுங்கள். சத்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து, கரண்டி கரண்டியாகப் பருக்குங்கள். 24 மணித்தியாலம் கடந்தால் மிச்சத்தை ஊற்றிவிட்டுப் புதிதாகக் கரையுங்கள்.