டேட்டாபேஸை முடிவு செய்யுமுன் அதை உடைத்துப் பாருங்கள்

ராத்திரி இரண்டு மணிக்கு டேட்டாபேஸ் படுத்துவிட்டால் யார் எழுந்து பார்ப்பார்கள்? “எங்கள் நிறுவனத்துக்கு எது சரிப்படும்?” என்று கேட்டு வருகிறவர்களிடம் நான் முதலில் கேட்பது இதுதான். ஓர் ஆளைக் கைகாட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது. அவருக்கு எது கைவந்ததோ அதற்கு முதல் மதிப்பெண்ணைப் போட்டுவிடலாம். 18 ஆண்டுகளாக டேட்டாபேஸ் நிர்வாகம்தான் என் பிழைப்பு. டிக் அடித்த ஒப்பீட்டு அட்டவணைகளை இப்போதெல்லாம் நான் படிப்பதே இல்லை. ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரெஸ் என்று எல்லாவற்றுக்கும் எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கும். டேட்டாவை டேபிள்களாக வைக்கலாம் என்று ஐபிஎம்மில் வேலை பார்த்த எட்கர் காட் 1970ல் எழுதிய கட்டுரையிலிருந்து கிளைத்த குடும்பம்தானே, ஜாடை ஒத்துத்தான் போகும். குணம் தெரிய வேண்டுமென்றால் நாலு நாள் கூடவே வைத்துப் பார்க்க வேண்டும்.

அதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். இன்று டேட்டா எத்தனை ஜிபி, மூன்று வருடத்தில் எவ்வளவாகும், எத்தனை நிமிட டேட்டா தொலைந்தால் தாங்குவீர்கள், எவ்வளவு நேரம் வேலை நின்றால் தாங்குவீர்கள் என்று எழுதுங்கள். “500 பயனாளர்கள்” என்று எழுதாதீர்கள். அந்த 500 பேரில் ஒரே நொடியில் சேவ் பட்டனைத் தட்டுகிறவர் எத்தனை பேர் என்பதுதான் வேண்டும். மூன்று சர்வர் கிளஸ்டர் இல்லாமல் நடக்காது என்று என்னிடம் அடம்பிடித்த ஒருவரின் மொத்த டேட்டா 6 ஜிபி. அவர் கையிலிருந்த லேப்டாப்பின் மெமரியிலேயே அது அடங்கியிருக்கும்.

தாள் தயாரானதும் சிலது தானாகவே கழன்றுவிடும். வாங்கப்போகும் கணக்கு மென்பொருள் ஒரே ஒரு டேட்டாபேஸோடுதான் ஓடும் என்றால் ஒப்பீடு அங்கேயே முடிந்தது, வேறு வேலையைப் பாருங்கள். ஒரே இயந்திரத்தில் ஓடும் சின்னச் செயலிக்கு எஸ்க்யூலைட் என்ற குட்டி டேட்டாபேஸே போதும். அதில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். பல பேர் சேர்ந்து எழுதும் இடத்தில் ஒருவர் பின் ஒருவராகக் காத்து நிற்க வேண்டிவரும்.

லைசென்ஸைக் கடைசியில் பார்ப்பது பெரிய தவறு. முதலிலேயே பாருங்கள். ஆரக்கிள் என்டர்பிரைஸுக்கு பிராசசர் கோரை எண்ணி, அதைப் பிராசசர் வகைக்கேற்ற கோர் ஃபேக்டரால் பெருக்கிக் கணக்குப் போடுவார்கள். பெரிய டேபிளைப் பிரித்து வைக்கும் பார்ட்டிஷனிங் போன்றவற்றுக்குத் தனி விலை. இதில் ஒரு பொறி உண்டு: வேகக்குறைவு ஆராயும் ஏடபிள்யூஆர் அறிக்கை இன்ஸ்டால் செய்த கையோடு ஓடும், தடுக்காது. ஆனால் அதைப் பயன்படுத்த டயக்னாஸ்டிக்ஸ் பேக் லைசென்ஸ் வேண்டும். ஆடிட் வரும்போதுதான் பலருக்கு இது தெரியவருகிறது. எஸ்க்யூஎல் சர்வரைக் கோர் கணக்கில் வாங்கினால், இரண்டே கோர் உள்ள விர்ச்சுவல் மெஷினுக்கும் குறைந்தது 4 கோருக்குக் கட்ட வேண்டும். அதன் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் 2022 வெளியீடு வரை ஒரு டேட்டாபேஸ் 10 ஜிபியைத் தாண்டாது. மைஎஸ்க்யூஎல் 2010 முதல் ஆரக்கிள் கையில் இருக்கிறது, அந்தக் கவலையில் பிரிந்து வந்ததுதான் மரியாடிபி. போஸ்ட்கிரெஸுக்கு முதலாளி என்று யாரும் இல்லை, லைசென்ஸ் கட்டணமும் இல்லை. லைசென்ஸில் மிஞ்சும் பணத்தில் ஒரு பங்கை நல்ல ஆளுக்குச் சம்பளமாக ஒதுக்கிவிடுங்கள்.

இனி சோதனை. கற்பனை டேட்டா வேண்டாம், உங்கள் சொந்த டேட்டாவையே ஏற்றுங்கள். நான் முதலில் ஏற்றிப் பார்ப்பது ஒரு பெயர்: கிருஷ்ணமூர்த்தி. கண்ணுக்கு 8 எழுத்து, யூனிகோடில் 15 குறியீடு, யூடிஎஃப்-8ல் 45 பைட். ஆரக்கிள் டேபிளில் 40 என்று அளவு கொடுத்த வார்கேர்2 என்ற எழுத்து வகைப் பத்தி இதை ஏற்காது, ஏனென்றால் இயல்பாக அது பைட்டில் எண்ணும். அளவோடு CHAR என்று சேர்த்துச் சொன்னால்தான் யூனிகோட் குறியீட்டில் எண்ணும். எஸ்க்யூஎல் சர்வரில் வழக்கமான ஆங்கில கொலேஷனோடு (எழுத்துகளைக் கையாளும் விதித் தொகுப்பு) வெறும் வார்கேரில் போட்டால் பெயர் முழுக்கக் கேள்விக்குறியாகிவிடும். யூனிகோடை ஏற்கும் என்வார்கேர் வேண்டும், குவரியில் (டேட்டாபேஸுக்கு அனுப்பும் கட்டளை) மேற்கோளுக்கு முன்னால் N என்ற எழுத்தும் வேண்டும். மைஎஸ்க்யூஎலும் போஸ்ட்கிரெஸும் குறியீட்டைத்தான் எண்ணுகின்றன, பிரச்சினை இல்லை. ஆனால் மைஎஸ்க்யூஎலின் பழைய யூடிஎஃப்8 ஒரு குறியீட்டுக்கு மூன்று பைட்டோடு நின்றுவிடும். தமிழ் நுழையும், இமோஜி நுழையாது.

அடுத்து, பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் கலந்த மின்னஞ்சல் முகவரிகள். மைஎஸ்க்யூஎலும் எஸ்க்யூஎல் சர்வரும் இயல்பாக இரண்டையும் ஒன்றென்றே பார்க்கும். போஸ்ட்கிரெஸும் ஆரக்கிளும் வேறு வேறாகப் பார்க்கும். இதை நான் சோதிக்காமல் எஸ்க்யூஎல் சர்வரிலிருந்து போஸ்ட்கிரெஸுக்கு ஓர் அமைப்பை மாற்றினேன். மறுநாள் காலை, முகவரியின் முதல் எழுத்தைப் பெரிதாகத் தட்டிய அத்தனை பேரும் உள்ளே வர முடியாமல் வாசலில் நின்றார்கள். இப்போது எந்த மாற்றத்திலும் இந்தச் சோதனையை நான் விடுவதே இல்லை. கூடவே ஒரு வெற்றுச் சரத்தையும் போட்டுப் பாருங்கள். ஆரக்கிள் அதை NULL, அதாவது மதிப்பே இல்லாததாக ஆக்கிவிடும், மற்ற மூன்றும் வெற்றுச் சரமாகவே வைத்திருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த சோதனைக்கு டேட்டாபேஸோடு இணைந்த இரண்டு ஜன்னல் போதும். முதல் ஜன்னலில் ட்ரான்ஸாக்ஷன் (மொத்தமாக ஏற்கவோ கைவிடவோ கூடிய மாற்றங்களின் தொகுதி) தொடங்கி ஒரு கணக்கின் இருப்பை மாற்றுங்கள், கமிட் செய்து உறுதிப்படுத்தாதீர்கள். இரண்டாவது ஜன்னலில் டேபிளில் அந்தக் கணக்குக்குரிய வரிசையை செலக்ட் கட்டளையால் படியுங்கள். ஆரக்கிள், போஸ்ட்கிரெஸ், மைஎஸ்க்யூஎலின் இயல்பான சேமிப்பு முறையான இன்னோடிபி மூன்றும் பழைய தொகையை உடனே காட்டும். உங்கள் சர்வரில் நிறுவிய எஸ்க்யூஎல் சர்வரோ, அமைப்பை மாற்றாதவரை, முதல் ஜன்னல் முடியட்டும் என்று காத்துக்கிடக்கும். மாதக் கடைசியில் அறிக்கை எடுக்கும்போது மொத்த அலுவலகமும் உறைவது இதனால்தான். படிப்பவருக்குப் பழைய தொகையையே காட்டும் ஆர்சிஎஸ்ஐ என்ற அமைப்பை இயக்கினால் சரியாகிவிடும். அதை விட்டுவிட்டு எல்லாக் குவரியிலும், பூட்டைப் பொருட்படுத்தாமல் படி என்று சொல்லும் நோலாக் போட்டு வைப்பார்கள். கமிட் ஆகாத தொகையைப் படித்து, பிறகு கணக்கு ஏன் இடிக்கிறது என்று என்னைக் கூப்பிடுவார்கள். பணக் கணக்கு உள்ள இடத்தில் நோலாக்கைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

அந்த முதல் ஜன்னலை மூடாமல் அப்படியே இரவு முழுக்க விட்டுவிட்டு, மற்ற வரிசைகளை ஆயிரக்கணக்கில் மாற்றிக்கொண்டே இருங்கள். காலையில் டிஸ்க்கைப் பாருங்கள். எஸ்க்யூஎல் சர்வரில் மாற்றங்களைக் குறித்துவைக்கும் லாக் கோப்பு வீங்கியிருக்கும். போஸ்ட்கிரெஸில் டேபிளே வீங்கியிருக்கும், ஏனென்றால் செத்த வரிசைகளைப் பெருக்கித் தள்ளும் வேக்யூம் அந்த ட்ரான்ஸாக்ஷனுக்குப் பயந்து கைகட்டி நிற்கும். போஸ்ட்கிரெஸில் ஒவ்வொரு இணைப்புக்கும் தனி பிராசஸ் என்பதையும், இயல்பான வரம்பு 100 என்பதையும் இங்கேயே குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு மேல் போகிறவர்கள் முன்னால் இணைப்புகளைப் பகிர்ந்து தரும் பிஜிபவுன்சர் வைப்பார்கள்.

டேபிள் அமைப்பை மாற்றும் ஸ்கிரிப்ட் ஒன்றைப் பாதியில் வேண்டுமென்றே தவறவிடுங்கள். போஸ்ட்கிரெஸிலும் எஸ்க்யூஎல் சர்வரிலும் அதை ட்ரான்ஸாக்ஷனுக்குள் வைத்திருந்தால் ரோல்பேக் செய்து பழைய நிலைக்கு வந்துவிடலாம். மைஎஸ்க்யூஎலிலும் ஆரக்கிளிலும் டேபிளை மாற்றும் ஒவ்வொரு ஆல்டர் கட்டளையும் தானே கமிட் ஆகிவிடும். 7 ஆல்டரில் நான்காவது தவறி, மீதியைக் கையால் ஒட்டவைத்த ஓர் ஞாயிற்றுக்கிழமை எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ரீஸ்டோரை வாட்சைப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள். பேக்கப் எடுப்பதோடு நிறுத்தாமல், வேறு சர்வரில் ஏற்றி, எத்தனை நிமிடம் ஆனது என்று அந்தத் தாளில் எழுதுங்கள். புதியவர்களுக்குச் சுலபமானது எஸ்க்யூஎல் சர்வர்தான். ஆனால் பேக்கப் எடுக்கும்வரை லாக்கை அழிக்காத ஃபுல் ரெகவரி மாடலில் வைத்துவிட்டு லாக் பேக்கப் எடுக்க மறந்தால் டிஸ்க் நிரம்பி நின்றுவிடும். ஆரக்கிளின் பேக்கப் கருவியான ஆர்மேனைக் கற்றுக்கொள்ள நாளாகும், கற்றவர்கள் அதை விடமாட்டார்கள். போஸ்ட்கிரெஸின் பேக்கப் கருவியான பிஜி டம்ப், டம்ப் எடுத்த நேரத்துக்குத்தான் திரும்பக் கொண்டுவரும், மதியம் 3.10க்கு இருந்த நிலை வேண்டுமென்றால் பேஸ் பேக்கப் எடுத்து, மாற்றங்களைப் பதியும் WAL கோப்புகளையும் சேமித்து வந்திருக்க வேண்டும். மைஎஸ்க்யூஎலின் பேக்கப் கருவியான மைஎஸ்க்யூஎல்டம்ப்பை, எல்லாவற்றையும் ஒரே நேரத்து நிலையில் எடுக்க சிங்கிள் ட்ரான்ஸாக்ஷன் தெரிவோடு ஓட்டுங்கள்.

வேகப் போட்டியை நான் கடைசிக்குத் தள்ளுவேன். உங்களுடைய மிக மோசமான 5 குவரிகளை ஓட்டிப் பார்த்தால் போதும். பெரும்பாலும் வித்தியாசம், தேடலை வேகமாக்கும் இண்டெக்ஸில்தான் இருக்கும்.

எதுவும் கையில் இல்லாமல் புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் போஸ்ட்கிரெஸ் என்பேன். மைக்ரோசாஃப்டின் டாட்நெட் தெரிந்த குழுவும் விண்டோஸ் சூழலும் இருந்தால் எஸ்க்யூஎல் சர்வர். ஏற்கெனவே ஆரக்கிளில் இருப்பவர்கள் விலைக்குப் பயந்து ஓடுமுன் ஆரக்கிளுக்கே உரிய பிஎல்எஸ்க்யூஎல் மொழியில் எழுதிய ப்ரொசீஜர்கள் எத்தனை ஆயிரம் வரி என்று எண்ணிப் பார்க்கட்டும். செலவெல்லாம் அங்கே இருக்கிறது, டேபிள்களை நகர்த்துவது சில நாள் வேலை.

தேர்ந்தெடுத்த பதிப்பின் ஆதரவு எப்போது முடிகிறது என்றும் தாளின் அடியில் எழுதிவிடுங்கள். போஸ்ட்கிரெஸ் பெரிய பதிப்பு ஒவ்வொன்றுக்கும் ஐந்து ஆண்டு. மைஎஸ்க்யூஎல் 5.7க்கு 2023 அக்டோபரிலேயே முடிந்துவிட்டது, ஆனாலும் அது ஓடிக்கொண்டிருக்கும் சர்வர்களைச் சரிபார்க்க இன்னமும் என்னைக் கூப்பிடுகிறார்கள்.