அமெரிக்க மாநிலத்தின் மீது ஃபெடரல் (மத்திய அரசு) நீதிமன்றத்தில் வழக்கு: பிரதிவாதியாக யாரைப் போடுவது?

இத்தகைய மனுக்கள் பலவும் முதல் பக்கத்திலேயே அடிபடுகின்றன. பிரதிவாதி "டெக்சாஸ் மாநிலம்" என்றால் மாநிலத்தின் மீது ஃபெடரல் நீதிமன்றத்தில் வழக்குப் போடுவதைத் தடுக்கும், 1795-இல் வந்த அரசியலமைப்பின் 11-வது திருத்தம் குறுக்கே நிற்கும். அதன் வாசகம் வெளிமாநிலத்தாரையும் வெளிநாட்டாரையும்தான் சொல்கிறது. ஆனால் 1890-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தின் ஹான்ஸ் தீர்ப்பு சொந்த மாநிலத்தாருக்கும் கதவைச் சாத்தியது.

எனவே சட்டத்தை அமல்படுத்தும் அதிகாரியின் பெயரை எழுதி, பக்கத்தில் "பதவி முறையில்" என்று சேருங்கள். 1908 யங் தீர்ப்பு திறந்த வழி இது. மீறப்பட்டது ஃபெடரல் சட்டமாக இருக்க வேண்டும். மாநிலச் சட்டமென்றால் 1984 பென்ஹர்ஸ்ட் தீர்ப்பு தடுக்கும். இனிமேலுக்கான தடையுத்தரவை மட்டும் கேளுங்கள். பழைய பாக்கி கேட்டால் அந்தப் பகுதி நிற்காது. கருவூலப் பணம் அல்லவா!

நஷ்டஈடு வேண்டுமென்றால் அதே அதிகாரியைத் "தனிப்பட்ட முறையிலும்" சேர்க்கலாம். நகராட்சி, கவுண்டிகளுக்கு இந்தக் கவசமே கிடையாது.