சுண்ணாம்புக் குகைக்குள் வழிகாட்டியுடன் முதல் பயணம்

மலையேறுபவருக்கு உச்சி கண்ணில் படுகிறது. இன்னும் எவ்வளவு தூரம் என்பதை அவரால் ஓரளவு கணித்துக்கொள்ள முடியும். களைத்துப்போனாலும் திரும்பும் வழி இறக்கமாகவே இருக்கும். குகையில் பெரும்பாலும் இதற்கு நேர்மாறு. உடலில் தெம்பு இருக்கும்போது சரிந்தும் தவழ்ந்தும் இறங்கிவிடுகிறோம். பிறகு அதே வழியில், நனைந்த உடையோடும் சோர்ந்த கைகால்களோடும் ஏறி வெளியே வர வேண்டியிருக்கிறது. ஆகவே எந்தக் குகையைத் தேர்ந்தெடுப்பது, யாருடன் போவது, எதை எடுத்துச் செல்வது ஆகிய மூன்றையும் திரும்பி வரும் பாதையை மனத்தில் வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

தண்ணீரை முதலில் அறிந்துகொள்ளுங்கள்

மழைநீர் காற்றிலிருந்தும் மண்ணிலிருந்தும் கரியமில வாயுவை ஏற்று மென்மையான அமிலமாகிறது. அந்த நீர் சுண்ணாம்புப் பாறையின் வெடிப்புகளில் இறங்கி, அதைப் பல்லாயிரம் ஆண்டுகளாகச் சிறிது சிறிதாகக் கரைப்பதால்தான் குகைகள் உண்டாகின்றன. நாம் நடந்து செல்லும் பாதைகள் எல்லாம் ஒரு காலத்தில் தண்ணீர் சென்ற பாதைகள். அவற்றுள் பல இன்றும் மழைக்காலத்தில் தண்ணீருக்கே உரியவை. மேற்பரப்பில் உள்ள உறிஞ்சித் துளைகள் (நீர் நிலத்துக்குள் இறங்கும் பள்ளங்கள்) வழியே வெள்ளம் நேரடியாக உள்ளே இறங்குவதால், குகை வாயிலில் வெயில் அடித்துக்கொண்டிருக்கும்போதே, எங்கோ மலையின் மறுபக்கத்தில் பெய்த மழை உள்ளே நீர்மட்டத்தை உயர்த்திவிடக்கூடும்.

2018 ஜூன் 23 அன்று தாய்லாந்தின் தாம் லுவாங் குகைக்குள் சென்ற 12 சிறுவர்களையும் அவர்களுடைய பயிற்சியாளரையும் அடைத்துவைத்தது இத்தகைய வெள்ளம்தான். ஜூலை 2 அன்றுதான் அவர்கள் இருக்குமிடம் தெரிந்தது. ஜூலை 10 அன்று கடைசிக் குழுவினர் வெளியே கொண்டுவரப்பட்டனர். அனைவரும் உயிர் பிழைத்தபோதிலும், மீட்புப் பணியின்போது முக்குளிப்பவர் ஒருவர் உயிரிழந்தார். வானிலை அறிவிப்பில் மழை என்றிருந்தால் நீரோடும் குகைக்குள் போகக் கூடாது என்ற விதிக்கு விலக்கே கிடையாது.

குகையும் வழிகாட்டியும்

விளக்குகளும் நடைபாதையும் கைப்பிடியும் அமைக்கப்பட்ட காட்சிக் குகைகள் ஒரு வகை. ஸ்லோவேனியாவின் போஸ்டோய்னா குகையில் 1872-லேயே பார்வையாளர்களுக்குத் தண்டவாளம் போட்டுவிட்டார்கள். இருட்டும் ஈரமும் மூடிய இடமும் உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்த்துக்கொள்ள இத்தகைய இடங்கள் போதும். அடுத்த வகை, எந்த வசதியும் செய்யப்படாத, ஆனால் பெரும்பாலும் கிடைமட்டமாகச் செல்லும் குகைகள். வழிகாட்டியுடன் இரண்டு முதல் நான்கு மணி நேரம் செல்லும் பயணமே தொடக்கநிலையினருக்கு ஏற்றது. கயிற்றில் இறங்க வேண்டிய செங்குத்துக் குகைகளைப் பயிற்சி பெற்ற பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

வழிகாட்டி என்பவர் உடல் வலிமை மிக்கவராக இருப்பதைவிட அந்தக் குகையை அறிந்தவராக இருப்பதே முக்கியம். அமெரிக்காவின் கென்டக்கியில் உள்ள மம்மத் குகை, அளந்து வரைபடமாக்கப்பட்ட நீளம் 680 கிலோமீட்டரைத் தாண்டியதால், உலகின் மிக நீண்ட குகையாக விளங்குகிறது. அங்கே 1838-இல் வழிகாட்டியாகப் பணியில் அமர்த்தப்பட்ட ஸ்டீபன் பிஷப் ஓர் அடிமை. அதுவரை யாரும் கடக்காத ஒரு பெரும் பள்ளத்தைக் கடந்து அப்பால் போனவர் அவர். அந்தக் குகையின் வரைபடத்தை நினைவிலிருந்தே வரைந்தவரும் அவர்தான். நல்ல வழிகாட்டி இத்தகைய வரைபடம் ஒன்றைத் தலைக்குள் வைத்திருப்பார்.

பதிவு செய்வதற்கு முன் சிலவற்றைக் கேட்டுவிடுவது நல்லது. இந்தப் பருவத்தில் இதே குகைக்குள் எத்தனை முறை போயிருக்கிறீர்கள்? ஒரு வழிகாட்டிக்கு எத்தனை பேர்? வரிசையின் கடைசியில் அனுபவமுள்ள ஒருவர் வருவாரா? நாம் எத்தனை மணிக்கு வெளியே வருவோம் என்பதும், வராவிட்டால் எப்போது யாரை அழைக்க வேண்டும் என்பதும் வெளியில் இருக்கும் யாருக்குத் தெரியும்? இவற்றைவிட நான் முக்கியமாகக் கருதும் கேள்வி ஒன்று உண்டு: கடைசியாக எப்போது, என்ன காரணத்தால் பாதி வழியில் திரும்பினீர்கள்? ‘அப்படி ஒருபோதும் நடந்ததில்லை’ என்று பெருமையாகச் சொல்பவருடன் போவதற்கு நான் தயங்குவேன்.

அணிவதும் எடுத்துச் செல்வதும்

தாடை வார் உள்ள தலைக்கவசமும் அதன்மேல் பொருத்திய விளக்கும் இல்லாமல் உள்ளே போகக் கூடாது. விளக்கு தலையில் இருந்தால்தான் இரண்டு கைகளும் பாறையைப் பிடிக்க விடுபடும். ஒருவருக்கு மூன்று விளக்குகள் என்பது குகைப் பயணிகளிடையே நெடுநாளாக வழங்கும் விதி. கைபேசி வெளிச்சம் அந்தக் கணக்கில் சேராது. வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு பேட்டரியை மாற்றிப் பழகுங்கள். எந்தப் பக்கம் கூட்டல் குறி, மூடி எந்தத் திசையில் திருகும் என்பதெல்லாம் விரல் நுனிக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஏனெனில் சேறு படிந்த கையோடு, முழு இருட்டில் அதைச் செய்ய நேரலாம்.

குகையின் வெப்பநிலை ஏறத்தாழ அந்த வட்டாரத்தின் ஆண்டுச் சராசரி வெப்பநிலையாகவே இருக்கும். கோடையிலும் குளிர்காலத்திலும் பெரிதாக மாறாது. வெளியே வெயில் கொளுத்துகிறது என்று மெல்லிய பருத்தி உடையில் போனால், ஒருமுறை நனைந்த பிறகு அது உலராமல் உடல் சூட்டை உறிஞ்சிக்கொண்டே இருக்கும். கம்பளி அல்லது செயற்கை இழை உள்ளாடையும், அதன்மேல் எங்கும் மாட்டிக்கொள்ளாத முழுநீள உடுப்பும் அணிவது சரி. பிடிமானமுள்ள காலணி, கையுறை, முழங்கால் உறை ஆகியவற்றைத் தவழும்போதுதான் மெச்சுவீர்கள். பை சிறியதாக, தொங்கும் வார்கள் இல்லாததாக இருக்கட்டும். அதில் தண்ணீர், சத்துள்ள சிறு உணவு, முதலுதவிப் பொருட்கள், சிறுநீர் கழிக்க இறுக மூடக்கூடிய காலிப் புட்டி ஆகியவை போதும். உள்ளே கொண்டுபோனது அனைத்தும் வெளியே வர வேண்டும், கடைசியாகச் சொன்னதும்கூட.

உள்ளே

இரண்டு கைகள், இரண்டு கால்கள் ஆகிய நான்கில் மூன்று எப்போதும் பாறையில் ஊன்றியிருக்கட்டும். சிறிய பள்ளம்தானே என்று குதிக்காதீர்கள். வெளியே இரண்டு நாள் ஓய்வில் தீரும் கணுக்கால் சுளுக்கு, இங்கே பலர் பல மணி நேரம் சுமக்க வேண்டிய மீட்புப் பணியாகிவிடும். ஒவ்வொரு பிரிவிலும் நின்று, திரும்பிப் பாருங்கள். போகும்போது தெரியும் பாறையும் வரும்போது தெரியும் பாறையும் ஒன்றாகவே இரா. வழிகாட்டி இருக்கிறாரே என்று இதைத் தள்ளிப்போடுவது பலரும் செய்யும் தவறு; அடிபட்டுக் கிடப்பது அவராகவும் இருக்கலாம்.

இடுக்கான வழி வரும்போது பையைக் கழற்றி முன்னால் தள்ளிக்கொண்டு, ஒரு கையை முன்னே நீட்டி, மறு கையை உடலோடு ஒட்டி வைத்துக்கொள்ளுங்கள். தோள்கள் சாய்ந்து, உடலின் அகலம் குறையும். தலையை ஒருபக்கம் திருப்பினால் கவசம் நுழையும். மார்பு சிக்கினால் தள்ளாதீர்கள். அசையாமல் கிடந்து, மூச்சை மெதுவாக வெளியே விட்டு, விலா எலும்புகள் தாழும் அந்த நொடியில் கால் விரல்களால் உந்துங்கள்; ஒரு விரற்கடை நகர்ந்தால் போதும், மறுபடி மூச்செடுத்து மறுபடி உந்தலாம். பதற்றத்தில் வேகமாக மூச்சு வாங்கினால் மார்பு விரிந்து பிடி இறுகும். கீழ்நோக்கிய இடுக்கில் தலையை முதலில் விடக் கூடாது. இறங்கியவர் அதே நிலையில் பின்னோக்கி ஏற முடியுமா என்பதே கேள்வி.

கூரையிலிருந்து தொங்கும் கல்விழுதுகளையும் தரையிலிருந்து எழும் கல்முளைகளையும் தொட வேண்டாம் என்று வழிகாட்டி சொல்வது வெறும் ஒழுங்குக்காக அன்று. துளித்துளியாகச் சொட்டும் நீர் கரியமில வாயுவை இழந்து, தன்னிடமுள்ள சுண்ணாம்பை மிக மெல்லிய படலமாக விட்டுச்செல்கிறது. பல இடங்களில் அவை ஆண்டுக்கு ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குதான் வளர்கின்றன. விரலில் உள்ள எண்ணெய்ப்பசை பட்ட இடம் கறுத்துப்போகும். அங்கே புதிய படலம் சரியாகப் பிடிக்காமலும் போகலாம்.

தலைவலி, காரணமில்லாத மூச்சிரைப்பு ஆகியவை தோன்றினால் கரியமில வாயு மிகுந்த காற்றாக இருக்கலாம். உடனே சொல்லிவிட்டுத் திரும்புங்கள். தீக்குச்சியைக் கொளுத்திப் பார்ப்பதை நம்ப முடியாது. சுடர் அணைவது முதன்மையாக ஆக்ஸிஜன் குறைவையே காட்டும். கரியமில வாயு உடலைப் பாதிக்கும் அளவுக்கு ஏறிய பிறகும் சுடர் எரிந்துகொண்டிருக்கக்கூடும். நடுக்கம், தடுமாற்றம், பேச்சுக் குழறல் ஆகியவை குளிரின் அறிகுறிகள். இவற்றைப் பாதிக்கப்பட்டவரைவிடப் பக்கத்தில் இருப்பவரே முதலில் கவனிப்பார். வவ்வால் எச்சம் உலர்ந்து கிடக்கும் இடத்தில் தூசியைக் கிளப்பாதீர்கள். அதில் வளரும் பூஞ்சை நுரையீரல் நோயை உண்டாக்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, உள்ளே செல்ல ஒதுக்கிய நேரம் முடிந்ததும், அடுத்த திருப்பத்துக்கு அப்பால் எவ்வளவு அழகான கூடம் இருந்தாலும், திரும்பிவிட வேண்டும். தெம்பில் பாதிக்கு மேல் மிச்சமிருக்கும்போதே திரும்புவதுதான் வழக்கம்.

ஆர்வம் தொடர்ந்தால்

1889-இல் பிரான்சின் பாடிராக் குழியில் எதுவார் அல்ஃப்ரெட் மார்ட்டெல் ஏறத்தாழ 75 மீட்டர் ஆழம் இறங்கியபோது கயிற்று ஏணிதான் துணை. இன்று அதிகம் நீளாத வலுவான ஒற்றைக் கயிற்றில் இறங்கவும் ஏறவும் தனித்தனிக் கருவிகள் உள்ளன. இதைக் குகைக்கு வெளியே, பகல் வெளிச்சத்தில், பயிற்சியாளர் முன்னிலையில் கற்றுக்கொள்ள வேண்டும். குறிப்பாக, பாதி இறங்கிய நிலையில் கயிற்றில் தொங்கியபடியே ஏறும் கருவிக்கு மாறுவது கைவந்த பிறகுதான் குழிக்குள் இறங்கலாம். ஹார்னஸில் (உடலைக் கயிற்றோடு இணைக்கும் வார்ப்பட்டையில்) அசையாமல் தொங்கினால், சில நிமிடங்களிலேயே மயக்கம் வந்து உயிருக்கு ஆபத்தாகலாம். கயிற்றில் இறங்க விரும்பாதவர்கள் அளவு நாடா, திசைகாட்டி, சாய்வுமானி கொண்டு குகையை அளக்கக் கற்கலாம். பொறுமையானவர்களுக்கு அதைவிட இன்பமான வேலை இல்லை.

வெளியே வந்த பிறகு

உடுப்பையும் காலணியையும் அடுத்த குகைக்குப் போகும்முன் நன்றாகக் கழுவுங்கள். வட அமெரிக்காவில் 2006-இல் முதன்முதலில் கண்டறியப்பட்ட வெண்மூக்கு நோய் லட்சக்கணக்கான வவ்வால்களைக் கொன்றிருக்கிறது. அதன் பூஞ்சை மனிதர்களின் உடைகளில் ஒட்டியும் இடம் மாறக்கூடும். சேற்றை நீக்கிவிட்டு, 55 டிகிரி செல்சியஸ் வெந்நீரில் 20 நிமிடம் மூழ்கவைப்பது அங்கே பரிந்துரைக்கப்படும் முறை.

அதற்கும் முன்னால் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. வாயிலைத் தாண்டியதும் வழிகாட்டி தலைகளை எண்ணி முடித்த கையோடு, சேற்று உடையைக் கழற்றுவதற்கு முன்பே, வெளியே காத்திருப்பவரை அழைத்து அனைவரும் வந்துவிட்டோம் என்று சொல்லிவிட வேண்டும். இல்லையென்றால், நீங்கள் கால் நீட்டி உட்கார்ந்திருக்கும் நேரத்தில் ஒரு மீட்புக் குழு உங்களைத் தேடி உள்ளே இறங்கிக்கொண்டிருக்கும்.