முதுகைக் காட்டி நில்லுங்கள், சூரியன் தெரியும்

2010 ஜனவரி 15, மாட்டுப் பொங்கல். மதியம் சூரிய கிரகணம். வீட்டில் பெரியவர்கள் எல்லாரும் உலக்கையை நிறுத்தி வைத்து, அது விழாமல் நிற்பதை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோம். நானும்தான். அறிவியல் டீச்சர் என்று சொல்லிக்கொள்ளவே வெட்கமாக இருக்கிறது. அந்த நேரத்தில் என் அக்கா மகன் மொட்டை மாடியில், தாத்தாவின் பழைய எக்ஸ்ரே பிலிமைக் கண்ணில் வைத்துச் சூரியனைப் பார்த்திருக்கிறான்.

அப்போது ஒன்றும் செய்யவில்லை. விழித்திரைக்கு வலி தெரியாது. மறுநாள் புத்தகத்தை விரித்தால், எந்த எழுத்தைப் பார்க்கிறானோ அந்த எழுத்து மட்டும் சாம்பல் பூசினாற்போல மறைந்தது. சரியாக நாலைந்து மாதம் பிடித்தது. எல்லாருக்கும் அப்படிச் சரியாகிவிடும் என்று நம்பி இருக்க முடியாது.

“அவனை மேலே பார்க்காதே என்று சொல்லித்தானே வைத்திருந்தோம்” என்று அக்கா புலம்பினாள். சொன்னதால்தான் பார்த்தான். பிள்ளைகளிடம் ‘பார்க்காதே’ என்றால் போதாது, எங்கே பார்ப்பது என்று காட்ட வேண்டும். திண்டுக்கல் பக்கத்தில் ஒரு நடுநிலைப் பள்ளியில் நான் செய்வது இதுதான். கிரகணத்துக்குக் காத்திருப்பதில்லை. சாதாரண வெயில் நாள் ஒன்று போதும்.

முதல் நாள் மரத்தடிக்குக் கூட்டிப்போகிறேன். புங்க மரமோ வேப்ப மரமோ, நிழலுக்கு நடுவே வட்ட வட்டமாக வெளிச்சப் பொட்டுகள் கிடக்கும். கீற்றுக் கொட்டகைக்குள்ளும் விழும். “இலை இடுக்கு கோணல் மாணலாக இருக்கிறது, பொட்டு மட்டும் ஏன் வட்டம்?” இதைக் கேட்டுவிட்டுப் பேசாமல் இருந்துவிடுவேன். ஒவ்வொரு பொட்டும் சூரியனின் படம் என்பதை யாராவது ஒரு பிள்ளை கண்டுபிடிக்க ஒரு நாள் ஆகும். ஆகட்டும்.

அடுத்தது கண்ணாடி. ஃபேன்சி ஸ்டோரில் கிடைக்கும் சின்ன முகம் பார்க்கும் கண்ணாடி ஒன்று, அதை மூட ஒரு கறுப்பு அட்டை. அட்டையின் நடுவில் பஞ்சிங் மெஷினால் ஒரே ஓட்டை. ஒரு பிளாஸ்டிக் பந்தை வெட்டி மணலை நிரப்பி ஒட்டிவிட்டு, அதன்மேல் கண்ணாடியை ஒட்டுங்கள். பந்தை ஒரு சொம்பின் வாயில் உட்கார வைத்தால் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திருப்பலாம், திருப்பின இடத்தில் நிற்கும். இதை வெயிலில் வைத்து, வெளிச்சத்தை இருட்டான வகுப்பறைச் சுவரில் விழச் செய்யுங்கள். ஜன்னல்களைச் சாக்கால் மூடினால் இன்னும் நல்லது.

தூரம் முக்கியம். கண்ணாடிக்கும் சுவருக்கும் 10 மீட்டர் இருந்தால் சூரியன் சுமார் 9 சென்டிமீட்டர் அகலத்தில் விழும். 1 மீட்டருக்குச் சுமார் 9 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். கிட்டே வைத்தால் சூரியன் விழாது, ஓட்டையின் வடிவம்தான் விழும். இதை நான் சொல்வதில்லை. “ஓட்டை வட்டமா இருக்கறதாலதான் டீச்சர் வட்டமா விழுது” என்று ஒரு பையன் மடக்குவான். உடனே முக்கோண ஓட்டை போட்ட அட்டையைக் கொடுத்துவிடுவேன். ஓரடித் தூரத்தில் முக்கோணம் விழும், பின்னால் போகப்போக மழுங்கி வட்டமாகும். வகுப்பே கத்தும்.

சுவரில் விழுந்த வட்டத்தைச் சுற்றிச் சாக்பீஸால் கோடு போடச் சொல்லுங்கள். இரண்டு நிமிடத்தில் வட்டம் கோட்டை விட்டு முழுசாக நகர்ந்துவிடும். பூமி சுழல்வதை இவ்வளவு பக்கத்தில் பார்க்க வேறு வழி எனக்குத் தெரியவில்லை. அந்த 9 சென்டிமீட்டர் வட்டத்தின் ஓரத்தில் ஒரு ரவையை ஒட்டி, “இதுதான் பூமி” என்பேன். சூரியனின் விட்டம் பூமியைப்போல 109 மடங்கு, ரவை ஏறக்குறைய அந்த அளவுதான்.

ஒரே ஒரு ஆபத்து உண்டு. சுவர்ப் பக்கமிருந்து திரும்பிக் கண்ணாடியைப் பார்த்தால், நேரே சூரியனைப் பார்த்ததற்குச் சமம். அதனால் வெளிச்சம் போகும் பாதையின் இரண்டு பக்கமும் பெஞ்சு போட்டுவிடுவேன். கண்ணாடி அருகில் எப்போதும் ஒரு பெரியவர். பிள்ளைகள் சுவரைப் பார்த்து, சூரியனுக்கு முதுகைக் காட்டித்தான் நிற்க வேண்டும்.

ஐந்து வயதுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இடியாப்பத் தட்டு போதும். கிரகண நாளில் அதன் நிழலைத் தரையில் விழ விட்டால் ஓட்டைக்கு ஒரு பிறை. 2019 டிசம்பர் 26 அன்று எங்கள் பக்கம் வளைய கிரகணம். அரையாண்டு விடுமுறை என்றாலும் முப்பது பிள்ளைகள் தட்டோடு வந்துவிட்டார்கள். ஒன்பதரை மணிக்குத் தரையெல்லாம் வளையல்.

கிரகணக் கண்ணாடி போட்டும் பார்க்கலாம். ஐஎஸ்ஓ 12312-2 என்ற பாதுகாப்புத் தர எண் அச்சிட்டிருக்க வேண்டும். அச்சை மட்டும் நம்பாமல் வீட்டுக்குள் போட்டுப் பாருங்கள். ட்யூப் லைட் வெளிச்சத்தில் அறையில் உள்ள பொருள் எதுவும் தெரியக் கூடாது. கீறல் இருந்தால் குப்பைக்கு. குனிந்து போட்டுக்கொண்டு நிமிர வேண்டும், குனிந்து கழற்ற வேண்டும். சின்ன முகத்தில் வழுக்கும் என்பதால் காகிதத் தட்டில் இரண்டு கண் வெட்டி அதில் ஒட்டிக் கொடுக்கிறேன். எக்ஸ்ரே பிலிம், சிடி, புகை பிடித்த கண்ணாடி, கூலிங் கிளாஸ் எதுவும் வேண்டாம். நம் பாட்டிகள் சொன்ன மஞ்சள் தண்ணீர், சாணித் தண்ணீரும் வேண்டாம். கலங்கிய தண்ணீரில் தெரியும் சூரியனும் கண்ணுக்கு அதிகம்தான். பைனாகுலர், டெலஸ்கோப் பக்கம் கண்ணாடி போட்டுக்கொண்டும் போகக் கூடாது, குவிந்த வெளிச்சம் கிரகணக் கண்ணாடியில் உள்ள கறுப்புத் தாளையே பொசுக்கிவிடும்.

கொடைக்கானல் எங்கள் மாவட்டம்தான். அங்கே 1899-இல் தொடங்கிய சூரிய ஆய்வகம் நூறு வருஷத்துக்கு மேலாகச் சூரியனைப் படம் பிடித்து வருகிறது என்று சொன்னால், “தினமும் ஒரே சூரியன்தானே?” என்பார்கள். கரும்புள்ளிகள் 11 வருஷக் கணக்கில் கூடிக் குறைவதை அப்போது சொல்லலாம். பெரிய புள்ளி என்றால் கிரகணக் கண்ணாடியிலேயே சில நாள் தெரியும்.

2027 ஆகஸ்ட் 2, திங்கட்கிழமை மாலை எங்கள் பக்கம் தெரியும் அடுத்த பகுதி கிரகணம். சூரியன் மேற்கே தாழ்ந்திருக்கும். எங்கள் பள்ளியில் அந்தப் பக்கம் ஒரு வேலிக்கருவை மறைக்கிறது. தலைமை ஆசிரியரிடம் இப்போதே வெட்டச் சொல்லியிருக்கிறேன்.