கிணற்றில் முங்கும்போது காது வலிக்காமல் இருக்க

மேலூர்ப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கிணற்றில், கால்வாயில் பெரியாற்றுத் தண்ணீர் ஓடும் மாதங்களில் நான்கு ஆள் ஆழம் தண்ணீர் நிற்கும். விழுந்த வாளியை எடுக்கச் சின்ன வயதிலிருந்தே முங்குகிறேன். மூச்சை அடக்குவது பெரிய விஷயமாக இருந்ததில்லை, காதுதான் படுத்தும். 'பல்லைக் கடிச்சுக்கிட்டுப் போடா, பழகிரும்' என்பார்கள். பழகாது. பதினேழு வயதில் தடுமனோடு முங்கினேன். காதுக்குள் பட்டென்று ஒரு சத்தம், தலை சுற்றி எது மேல் எது கீழ் என்றே தெரியவில்லை. மோட்டார் பைப் கையில் பட்டதால் பிழைத்தேன். செவிப்பறை கிழிந்து, ஆற இரண்டு மாதம் ஆனது.

செவிப்பறைக்குப் பின்னால் காற்று நிறைந்த சின்ன அறை இருக்கிறது. அங்கிருந்து மூக்கின் பின்பக்கத்துக்கு ஒரு குழல் போகிறது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் இரண்டு மடங்காகி, காற்று பாதியாகச் சுருங்கும். அதற்கடுத்த 10 மீட்டரில் மாற்றம் அவ்வளவு வேகமில்லை. கிணற்றின் மொத்த ஆழமும் அந்த மோசமான முதல் பகுதிக்குள்தான். குழல் வழியாகக் காற்றை அனுப்பிச் செவிப்பறையை உள்ளிருந்து தாங்க வேண்டும்.

மூக்கைப் பிடித்து நெஞ்சிலிருந்து முக்கி ஊதுவதுதான் எல்லோருக்கும் தெரிந்த வழி. தலைகீழாக இறங்கும்போது அது சரிவராது, வேகமாக முக்கினால் உட்காதுக்கும் ஆபத்து. நாக்கால் தள்ளுங்கள். ஹெர்மன் ஃபிரென்செல் என்ற ஜெர்மானியர் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் விமானிகளுக்குச் சொல்லிக்கொடுத்த முறை இது. நெல் மூட்டையைத் தூக்கும்போது தொண்டை தானாக அடைத்துக்கொள்ளும் இல்லையா, அப்படி அடையுங்கள். வாயில் கொஞ்சம் காற்று இருக்கட்டும். மூக்கைப் பிடித்து, நாக்கு நுனியை 'த்' சொல்லும் இடத்தில் ஊன்றி, பின்நாக்கை 'க்' சொல்வதுபோல் மேலே அழுத்துங்கள். மூக்கின் இரு பக்கமும் உப்பும், காதில் 'டொக்' என்று கேட்கும். இன்னொரு கையை வயிற்றில் வையுங்கள். வயிறு அசைந்தால் இன்னும் நெஞ்சால்தான் ஊதுகிறீர்கள்.

இதை வீட்டுத் திண்ணையில், கண்ணாடி முன்னால் ஒரு வாரம் செய்யுங்கள். அப்புறம் படியில் ஒருவரை நிறுத்திவிட்டு, கயிற்றைப் பிடித்துக் கால் கீழாக இறங்கிப் பாருங்கள். தலைகீழாகப் போவது அதற்குப் பிறகு. தண்ணீருக்கு மேலேயே ஒருமுறை தள்ளுங்கள். பிறகு அரை மீட்டருக்கு ஒருமுறை, வலி வரும் முன்பே. வலி வந்துவிட்டால் குழலின் வாய் இறுகிவிடும், எவ்வளவு தள்ளினாலும் திறக்காது. மேலே வந்துவிடுங்கள். தரையைப் பார்க்கக் கழுத்தை அண்ணாக்காமல், நாடியை உள்ளே வையுங்கள்.

தடுமன் இருந்தால் முங்கவே வேண்டாம். காதில் பஞ்சோ அடைப்பானோ வைக்கக் கூடாது. மூக்கை மூடாத நீச்சல் கண்ணாடியும் வேண்டாம், அதற்குள் காற்று விட வழியில்லாததால் கண்ணைப் பிடித்து இழுக்கும்.

முங்கிய பிறகு காது மந்தமாக இருந்தாலோ, ரத்தம் வந்தாலோ காது மருத்துவரிடம் போங்கள். எங்கள் ஊரில் உடனே தேங்காய் எண்ணெயைக் காய்ச்சி ஊற்றுவார்கள், எனக்கும் ஊற்ற வந்தார்கள். செவிப்பறை கிழிந்த காதில் ஒரு சொட்டுகூட விடக் கூடாது.