டெவனில் சிறுத்தையா? பிரிட்டன் கிராமப்புறத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

டெவன், கார்ன்வால், சாமர்செட், கம்ப்ரியா பக்கம் கேர் ஹோமிலோ மருத்துவமனையிலோ வேலை கிடைத்து வருகிறவர்கள் கொஞ்ச நாளிலேயே இந்தப் பேச்சைக் கேட்பார்கள். ஸ்டாஃப் ரூமில் டீ குடிக்கும்போது யாராவது ஆரம்பிப்பார்கள்: நேற்று இரவு வீட்டுக்குப் போகும் வழியில் ஒரு கறுப்பு மிருகம் ரோட்டைக் கடந்தது, நாய் இல்லை, வால் அவ்வளவு நீளம். பக்கத்தில் இருப்பவர் சிரிக்க மாட்டார். தன் மாமனார் பத்து வருடம் முன்பு பார்த்ததைச் சொல்வார். நைட் டூட்டி முடிந்து இருட்டில் தனியாக வீடு திரும்பும் நம் ஆட்கள் இதைக் கேட்டு நிஜமாகவே பயப்படுகிறார்கள். அவர்களுக்காகத்தான் இது.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனின் வயல்வெளியில் திரியும் பெரும்பூனை (சிறுத்தை, பூமா போன்றவை) ஒரு மனிதரைக் கொன்றதாக எந்தப் பதிவும் இல்லை. வால்பாறையிலோ மலையகத் தோட்டங்களிலோ வளர்ந்தவர்களுக்குச் சிறுத்தை என்றால் என்ன என்று தெரியும். அந்தப் பயத்தை இங்கே கொண்டுவரத் தேவையில்லை.

ஆனால் சொல்கிறவரைப் பொய்யர் என்று நினைக்கவும் வேண்டாம். இந்தப் பேச்சுக்கு ஒரு அடிப்படை உண்டு. 1960-களிலும் 70-களின் தொடக்கத்திலும் இந்த நாட்டில் காசு இருந்தால் யார் வேண்டுமானாலும் சிங்கக்குட்டியோ, அமெரிக்கக் கண்டத்துப் பெரிய பூனையான பூமாவோ வாங்கி வீட்டில் வளர்க்கலாம். 1969-இல் லண்டன் ஹாரட்ஸ் கடையிலேயே ஒரு சிங்கக்குட்டியை இரண்டு இளைஞர்கள் வாங்கிப் போனார்கள். 1976-இல் ஆபத்தான விலங்குகளை வளர்க்க உள்ளூர் கவுன்சிலின் உரிமம் வேண்டும் என்று சட்டம் வந்தது. உரிமம் எடுக்க முடியாதவர்களில் சிலர் ராத்திரியோடு ராத்திரியாக விலங்கைக் கொண்டுபோய் மூர் எனப்படும் ஆளில்லாத திறந்த மேட்டுநிலத்தில் விட்டார்கள் என்பதுதான் ஊர்க்காரர்கள் சொல்லும் விளக்கம். அயல் விலங்குகளை வெளியில் விடுவதைத் தடுக்கும் சட்டம் 1981-இல்தான் வந்தது. அதனால் இந்த விளக்கத்தை நான் எளிதில் தள்ளமாட்டேன்.

பிடிபட்டவையும் உண்டு. 1980-இல் ஸ்காட்லாந்தின் கானிக் கிராமத்துக்கு அருகே ஒரு விவசாயி வைத்த கூண்டில் உயிரோடு ஒரு பூமா சிக்கியது. ஃபெலிசிட்டி என்று பெயர் வைத்தார்கள். மனிதர்களிடம் நன்றாகப் பழகிய விலங்காக இருந்தது. காட்டில் அதிக நாள் இருந்திருக்காது என்று அதை வைத்தே பலர் நினைத்தார்கள். இறந்தபின் பாடம் செய்து இன்வர்னஸ் அருங்காட்சியகத்தில் வைத்தார்கள். 2001-இல் வடக்கு லண்டன் கிரிக்கிள்வுட்டில், வீடுகளின் பின்பக்கத் தோட்டங்களில் சுற்றிய இளம் லின்க்ஸ் (குட்டை வால் காட்டுப்பூனை) ஒன்றைப் பிடித்தார்கள். 2025 ஜனவரியில் ஸ்காட்லாந்தின் கெய்ர்ன்கார்ம்ஸ் பகுதியில் யாரோ சட்டவிரோதமாக விட்ட நான்கு லின்க்ஸ்கள் சில நாட்களுக்குள் பிடிபட்டன. அதில் ஒன்று இறந்துபோனது. பனிக்காலத்தில் பழகாத இடத்தில் கொண்டுபோய் விட்டவர்கள் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது.

சரி, அப்படியென்றால் தென்மேற்கு இங்கிலாந்தின் மூர் நிலங்களில் திரிவதாகச் சொல்லப்படும் எக்ஸ்மூர் மிருகம், பாட்மின் மிருகம் எல்லாம்?

எக்ஸ்மூர் கதை பெரிதானது 1983-இல். சவுத் மோல்டன் பக்கத்து விவசாயி ஒருவர் மூன்று மாதத்தில் நூறு செம்மறிக்கு மேல் போய்விட்டதாகச் சொன்னார். கடற்படையின் ராயல் மரீன் வீரர்களே துப்பாக்கியோடு வந்து மலையில் காத்துக் கிடந்தார்கள். எதையும் சுட முடியவில்லை. கார்ன்வாலின் பாட்மின் மூர் பற்றி இவ்வளவு புகார் போனதால் 1995-இல் விவசாய அமைச்சகம் அதிகாரப்பூர்வமாக விசாரித்தது. அந்த விசாரணையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி, அவர்கள் படங்களைச் சோதித்த விதம். மிருகம் நின்றதாகச் சொன்ன அதே இடத்துக்குப் போய், அளவுகோலை நட்டு, அதே கோணத்தில் மறுபடி படம் எடுத்தார்கள். சிறுத்தையாகத் தெரிந்தது வீட்டுப் பூனை உயரம்தான் என்று வந்தது. பெரும்பூனை இருப்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை, ஆனால் இல்லவே இல்லை என்றும் நிரூபிக்க முடியாது என்று அறிக்கை முடிந்தது.

அறிக்கை வெளிவந்து சில நாட்களிலேயே ஃபோவி ஆற்றில் ஒரு சிறுவன் மண்டையோடு ஒன்றைக் கண்டெடுத்தான். நிஜமான சிறுத்தை மண்டையோடு! ஊரே கொந்தளித்தது. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் பார்த்தபோது அதற்குள் வெப்பநாட்டுக் கரப்பான்பூச்சியின் முட்டைக்கூடு இருந்தது, எலும்பில் கத்திக் கீறல்கள் இருந்தன. வெளிநாட்டிலிருந்து வந்த சிறுத்தைத்தோல் விரிப்பின் தலை அது.

2024-இல் கம்ப்ரியாவில் செத்துக் கிடந்த ஆட்டின் மேல் எடுத்த மாதிரியில் சிங்கம், சிறுத்தை அடங்கிய பாந்தெரா பேரினத்தின் டி.என்.ஏ. இருப்பதாக வார்விக் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபின் அல்லபி சொன்னார். புறக்கணிக்கக் கூடாத செய்திதான். ஆனாலும் ஒரே ஒரு மாதிரி.

என் கருத்தைக் கேட்டால்: தப்பித்த விலங்கு, விடப்பட்ட விலங்கு அவ்வப்போது இருந்திருக்கிறது. குட்டி போட்டுப் பெருகி வாழும் சிறுத்தைக் கூட்டம் இங்கே இல்லை. இலங்கையில் நல்லதண்ணிக்கு அருகே லக்ஷபான தோட்டத்தில் 2020 மே மாதம் ஒரு கருஞ்சிறுத்தை கண்ணியில் சிக்கியது நினைவிருக்கும். காப்பாற்றப் பார்த்தும் சில நாளில் செத்துப்போனது. அவ்வளவு அபூர்வமான, ஒளிந்து வாழும் விலங்குகூட மனிதர்கள் நெருங்கி வாழும் இடத்தில் ஒரு நாள் கண்ணில் பட்டுவிடுகிறது, உடல் கிடைக்கிறது. பிரிட்டனில் இத்தனை ரோடு, இத்தனை கார், வேலிக்கு வேலி கேமரா. ஆனாலும் வண்டியில் அடிபட்ட சிறுத்தை ஒன்றுகூட இல்லை.

அப்புறம் நிறம். இங்கே நிறையப் பேர் பார்ப்பது கறுப்பு மிருகத்தை. கறுப்புப் பூமா என்று ஒன்று அறிவியலில் பதிவாகியதே இல்லை. லின்க்ஸுக்கு வால் குட்டை. ஆகவே கறுப்பாக, நீண்ட வாலோடு இருந்தால் அது கருஞ்சிறுத்தையாக இருக்க வேண்டும், அல்லது வீட்டுப் பூனை, அல்லது லாப்ரடார் நாய். மரமோ வேலியோ பக்கத்தில் இல்லாத திறந்த வயலில் ஒரு பூனை எவ்வளவு பெரியது என்று கண் தடுமாறிவிடும். 2012-இல் எசெக்ஸின் செயின்ட் ஓசித் கிராமத்தில் சிங்கம் பார்த்ததாகச் சொன்னதும் போலீஸ் ஹெலிகாப்டரே பறந்தது. கடைசியில் மெய்ன் கூன் என்ற பெரிய வகை வீட்டுப் பூனையாக இருக்கும் என்றார்கள்.

இரவுச் சத்தம் பற்றியும் பலர் கேட்கிறார்கள். ஜனவரி மாதம் நள்ளிரவில் ஒரு பெண் கழுத்தறுபடுவதுபோல் அலறும் சத்தம் கேட்டால் அது பெண் நரி. இணை சேரும் காலம். நாய்போல ஒரே சீராகக் குரைத்துக்கொண்டே இருந்தால் அது மண்ட்ஜாக் என்ற சின்ன மானாக இருக்கலாம். வயலில் செத்த ஆடு கிடப்பதும் இங்கே சாதாரணம். நோயில் செத்ததை நரியும் காக்கையும் கிழித்திருக்கும், அல்லது யாரோ அவிழ்த்துவிட்ட நாய் கடித்திருக்கும்.

நீங்களே ஏதாவது பார்த்துவிட்டால் பின்தொடர்ந்து போகாதீர்கள். இங்கிலாந்தில் பொதுப் பாதையை விட்டு விலகினால் அது பெரும்பாலும் தனியார் நிலம். நின்ற இடத்திலிருந்தே படம் எடுங்கள். அது நின்ற இடத்தில் இருக்கும் கேட்டோ கம்பமோ படத்தில் விழட்டும். பிறகு அளந்து பார்க்கலாம். ஈரமண்ணில் தடம் இருந்தால் பக்கத்தில் ஒரு நாணயம் வைத்து எடுங்கள். நகம் பதிந்திருந்தால் பெரும்பாலும் நாய்தான். போலீசிடம் சொல்ல 101 அழைக்கலாம், கட்டணம் இல்லை. உடனடி ஆபத்து என்றால் மட்டும் 999. விசாவுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று ஒரு தங்கை தயங்கினாள். பார்த்ததைச் சொல்வதற்கும் விசாவுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

கிராமப்புறத்தில் நீங்கள் உண்மையாகவே கவனிக்க வேண்டியவை வேறு. கன்றோடு நிற்கும் மாடுகள் முதலில். நம் ஊர் மாடுபோல் கட்டிப்போட்டு, ஆளோடு பழகியவை அல்ல இவை. ஒவ்வொரு வருடமும் மாடு மிதித்து ஆட்கள் இறக்கிறார்கள். விலகி, சுற்றிப் போங்கள். உங்களோடு நாய் இருக்கும்போது மாடு துரத்தினால் நாயின் கயிற்றை விட்டுவிடுங்கள், அது ஓடித் தப்பிக்கும். புல்வெளியில் நடந்து வந்தால் காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கடித்த இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம் பரவினால் ஜிபியிடம் (உங்கள் பகுதிக் குடும்ப மருத்துவர்) போக வேண்டும், உண்ணி பரப்பும் லைம் நோயாக இருக்கலாம்.

கார் ஓட்டுபவர்களுக்கு மான்தான் பெரிய ஆபத்து, அதுவும் அக்டோபர், நவம்பரில் விடியற்காலையும் அந்தியும். ஒன்று கடந்துவிட்டால் வேகம் எடுக்காதீர்கள், பின்னால் இன்னொன்று வரும். செம்மறி, மாடு, குதிரை, நாய் மேல் இடித்துவிட்டால் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும். உரிமையாளரிடம் விவரம் கொடுக்க முடியாவிட்டால் கூடிய சீக்கிரம், எப்படியும் 24 மணி நேரத்துக்குள், போலீசுக்குத் தெரிவிப்பது சட்டம்.