அடுத்தவர் தைத்த குயில்ட்டுக்கு மேல்தையல் டிசைன் எப்படித் தேர்ந்தெடுப்பது

ஹூஸ்டனில் எங்கள் வீட்டுக் கராஜில் ஒரு லாங்ஆர்ம் மெஷின், அதாவது குயில்ட்டுக்கு மேல்தையல் போடும் பெரிய தையல் மெஷின், வைத்திருக்கிறேன். ஒட்டுத்துணி சேர்த்து மற்றவர்கள் தைத்துத் தரும் மேல்பாகத்தை வாங்கி, நடுவில் பேட்டிங் என்ற பஞ்சு விரிப்பு, அடியில் ஒரு துணி வைத்து, மூன்றும் ஒரே போர்வையாகச் சேர்ந்து நிற்கும்படி மேல்தையல் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. கொண்டுவருகிறவர்களில் பாதிப் பேர், "டிசைன் உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்ப்பார்கள். அப்போதே அவர்களை உட்கார வைத்து இரண்டு கேள்வி கேளுங்கள். இது யாருக்கு? எத்தனை நாளுக்கு ஒருமுறை துவைப்பார்கள்?

நான் இதைக் கேட்கப் பழகியதற்கு ஒரு காரணம் உண்டு. தொழில் தொடங்கிய புதிதில், ஒரு பாட்டி தன் பேத்திக்காகத் தைத்த குழந்தைக் குயில்ட் வந்தது. கால் அங்குல இடைவெளியில் நெருக்கமாக நெளிகோடு போட்டேன். பார்க்க அழகாகத்தான் இருந்தது. கையில் எடுத்தால் அட்டை மாதிரி விறைத்து நின்றது. குழந்தையை அதில் எப்படிச் சுற்றுவது? இரண்டு வாரம் உட்கார்ந்து ஒவ்வொரு தையலாகப் பிரித்து, மறுபடி போட்டேன். இப்போது குழந்தைக் குயில்ட் என்றால் இரண்டு மூன்று அங்குல இடைவெளியில் பெரிய வளையங்கள்தான். அதற்காக ஒரேயடியாக விட்டுவிடவும் கூடாது. தையலுக்குத் தையல் எவ்வளவு தூரம் விடலாம் என்று பேட்டிங் உறையிலேயே போட்டிருப்பார்கள். சிலதுக்கு 4 அங்குலம், சிலதுக்கு 10. அதைத் தாண்டினால் துவைக்கத் துவைக்கப் பஞ்சு நகர்ந்து கட்டி கட்டியாகிவிடும்.

அப்புறம் மேல்பாகத்தைச் சுவரில் தொங்கவிட்டு, நான்கடி தள்ளி நின்று பாருங்கள். முழுக்கச் சதுரமும் முக்கோணமுமாக இருந்தால் வளைவான டிசைன் அதன் மூலைகளை மென்மையாக்கும். ஏற்கெனவே வளையம் வளையமாகத் தைத்த குயில்ட்டில் நேர்கோடுகள் நன்றாக எடுபடும். துணியில் பூவும் கொடியும் நிறைய இருந்தால் தையல் கண்ணுக்கே தெரியாது, அங்கே மணிக்கணக்கில் இறகு டிசைன் போடுவது வீண். அந்த உழைப்பை வெற்றுத் துணிப் பகுதிக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

போன வருடம் ஒரு அக்கா, மறைந்த தன் அம்மாவின் சுங்குடிப் புடவைகளை ஆறு அங்குலச் சதுரங்களாக வெட்டித் தைத்த குயில்ட்டைக் கொண்டுவந்தார். முழுக்க மயில் வேண்டும் என்றார். வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தாளில் மார்க்கரால் ஒரு மயில் வரைந்து அந்தச் சதுரங்களின் மேல் வைத்தேன். (தாளின் நான்கு ஓரத்திலும் கலர் டேப் ஒட்டிவிடுங்கள். விளிம்பு தெரியாமல் மார்க்கர் துணிக்குப் போய்விட்டால் அவ்வளவுதான்.) புள்ளிகளுக்கு நடுவில் மயில் காணாமல் போனது. அவரே, "அம்மா புடவைதான் தெரியுது, மயில் தெரியலையே" என்றார். அதன் பிறகு சேர்ந்து முடிவெடுத்தோம். சதுரங்களுக்கு மூலைவிட்டமாக மெல்லிய கட்டம், நெருக்கம் வேண்டாம், கட்டிக் கட்டி நைந்த பருத்தி அது. சுற்றிலும் எட்டு அங்குல அகலத்தில் வெற்று அரக்கு நிற பார்டர் இருந்தது. அதன் நான்கு மூலைகளிலும் மூலைக்கு ஒரு மயில்.

நூல் நிறத்தையும் கண்ணால் பார்த்தே முடிவு செய்யுங்கள். கண்டிலிருந்து கொஞ்சம் நூலை இழுத்து, எல்லா நிறத் துணிகளின் மேலும் சுருள் சுருளாக விட்டுப் பாருங்கள். ஒற்றை இழையாகப் பார்க்கும்போது நூல் கண்டில் இருப்பதைவிட வெளிறித் தெரியும்.

ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை வரிசையாக ஓடும் டிசைன் என்றால் கணக்குப் போட வேண்டும். 80 அங்குல நீளக் குயில்ட்டில் 12 அங்குல வரிசைகள் ஆறு போட்டால் எட்டு அங்குலம் மிஞ்சும், கடைசி வரிசைப் பட்டாம்பூச்சி பாதியில் வெட்டுப்படும். 10 அங்குலமாகக் குறைத்தால் சரியாக எட்டு வரிசை. ஊசி நிற்காமல் ஓடும் கோடாகவும் இருக்கட்டும், நிறுத்தும் ஒவ்வொரு இடத்திலும் ஒரு முடிச்சு. சிக்குக் கோலம் போட்ட கைக்கு இது உடனே பிடிபடும். ஆனால் கோலக் கோடு தொடங்கிய புள்ளிக்கே திரும்பும், இங்கே அது வலது ஓரத்தில் வெளியேறியாக வேண்டும். யானை, வீடு மாதிரி நிற்கும் உருவம் உள்ள துணி என்றால் எது மேல்பக்கம் என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

பார்டர் அலையலையாக வந்திருந்தால் கட்டம் போடாதீர்கள், மடிப்பு விழும். சற்று நெருக்கமான வளைவுகள் அந்தத் தொய்வை உள்வாங்கிக்கொள்ளும். எவ்வளவு அடங்கும் என்பதைத் தைப்பதற்கு முன்பே அவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

எல்லாம் முடிவானதும் டிசைன், வரிசை உயரம், நூல் நிறம் மூன்றையும் எழுதி, பிளாஸ்டிக் தாள் வைத்த போட்டோவோடு அனுப்புங்கள். அவர்கள் சரி என்று பதில் போட்ட பிறகு குயில்ட்டை மெஷின் சட்டத்தில் ஏற்றுங்கள்.